கெர்கேலனுக்கு நாற்பது மைல்

டிசம்பர் 6

கேப்டவுனை விட்டுப் பத்தாவது நாள். பாய்மரப் படகுப் பந்தயத்தில் இன்றும் நாங்கள்தான் முதல் இடம். காலுறை மட்டும் காய்வதாக இல்லை.

மதியம் கேப்டன் ரோனான் கேட்டான்: "வடக்கா, தெற்கா?" வழி சொல்வது என் வேலை. தெற்கே போனால் நூறு மைல் மிச்சம். ஆனால் வானிலைப் படத்தில் அந்தப் பக்கம் புதிதாக ஒரு புயல் உருவாவது போலத் தெரிந்தது. சின்னதுதான். போன பந்தயத்தில் நான் சுற்றிப் போகச் சொல்லி ஐந்தாவதாக வந்தோம். அன்றிலிருந்து எங்கள் குழுவின் எர்வேக்கு, ஊரில் பள்ளி ஆசிரியையான நான் "பயந்தாங்கொள்ளி டீச்சர்".

"தெற்கு" என்றேன்.

"உறுதியாத்தான் சொல்றியா, சோவாசிக்?"

"உறுதி."

புயலைப் பற்றிச் சொல்லவில்லை.

டிசம்பர் 8

சின்னது இல்லை.

டிசம்பர் 9

முன்பாயை இறக்கப் போன எங்கள் நான்காவது ஆள் கூல்வெனை அலை தூக்கிப் பாய்மரத்தில் அடித்துவிட்டது. படகோடு பிணைத்த இடுப்பு வார் இருந்ததால் கடலுக்குள் போகவில்லை. உள்ளே இழுத்து வந்து கிடத்தினோம். இடுப்பெலும்பு நொறுங்கியிருக்கிறது. வயிறு பலகை மாதிரி இறுகிக் கிடக்கிறது.

செயற்கைக்கோள் தொலைபேசியில் பந்தயக் குழுவின் டாக்டர், "உள்ள ரத்தம் கசியுது. சீக்கிரம் கரை சேருங்க" என்றார். கரை! கெர்கேலன் தீவு ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு மருத்துவர் இருக்கிறார். போய்ச் சேர மூன்று நாள்.

ரோனான் படகை அந்தப் பக்கம் திருப்பினான்.

டிசம்பர் 10

கூல்வென் கத்துகிறான்: "எனக்காக முதல் இடத்த விடுவீங்களாடா? பைத்தியமா உங்களுக்கு?"

"வாய மூடிட்டு சூப்பக் குடி" என்று எர்வே கரண்டியால் ஊட்டினான். பாதி கழுத்தில் வழிந்தது.

பிறகு என்னிடம் வந்தான். "காத்த யாரு கண்டா? மனசப் போட்டுக் குழப்பிக்காத." இத்தனை வருடத்தில் அவன் என்னிடம் இப்படிப் பேசியதே இல்லை. ஐயோ, இவன் திட்டித் தொலைத்திருக்கக் கூடாதா?

டிசம்பர் 11

ஊசி மருந்து தீர்ந்தது. கூல்வென் கத்துவதை நிறுத்திவிட்டான்.

டிசம்பர் 12

விடிந்து சற்று நேரத்தில் போய்விட்டான். தீவுக்கு நாற்பது மைல். எர்வே அவன் கையை விடவே இல்லை, நாங்கள் சொல்லியும்.

சுக்கான் பிடித்திருந்த ரோனானிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் என் பக்கம் திரும்பவில்லை.

"அந்தப் படம் எனக்கும்தான் வந்துச்சு. நீ வாயத் திறக்கறியான்னு பார்த்தேன். திறக்கல. எனக்கும் அது வசதியாப் போச்சு."

பிறகு: "இது நம்மளோட போகட்டும்."

சரி என்றேனா? தலையாட்டினேன் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 19, துவார்னெனே

கூல்வெனின் ஊர். அவன் மனைவி ரோசென் காப்பி போட்டுக் கொடுத்தாள். நாங்கள் மூவரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.

"புயல் வரும்னு முன்னாடியே தெரிய வழியே இல்லையா?" என்று கேட்டாள்.

"கடல்ல எப்ப என்ன வரும்னு..." என்று ரோனான் ஆரம்பித்தான்.

"தெரிஞ்சுது" என்றேன். "எனக்குத் தெரிஞ்சுது, ரோசென். நான் சொல்லல."

எர்வே தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தான். ரோனான் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் தெரியும் என்பதை நான் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை.

ரோசென் எழுந்துபோய் என் மேல்கோட்டை மட்டும் எடுத்துவந்து நீட்டினாள். வாங்கிக்கொண்டு எழுந்தேன். மற்ற இருவரும் உட்கார்ந்தே இருந்தார்கள்.