முனியம்மாள் வீட்டில் இருக்கிறாள்

சேரப்பணஞ்சேரி
3.9.2025

என் தங்க மகள் சுபஸ்ரீக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் ஓசூரில் நலம்தானே? கால் வீக்கம் வடிந்ததா? போனில் பேசினால் எனக்கு ஒரு எழவும் கேட்பதில்லை. பிரஸ் ஷாப் இரைச்சல் காதைத் தின்றுவிட்டுத்தான் என்னை ரிடையர் ஆக்கியது. மெசேஜ் போட்டால் நீயோ ‘சாப்டீங்களா’ என்பதோடு நிறுத்திவிடுகிறாய். அதனால்தான் காகிதம்.

ரோட்டை அகலப்படுத்த நம் தெருவை எடுப்பது உறுதியாகிவிட்டது. மாசக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். எதிர்வீட்டுக் கனகத்தின் வீட்டை நேற்று இடித்துவிட்டார்கள். இடிக்கிற மஞ்சள் வண்டி தெருமுனையிலேயே நிற்கிறது. அது கிளம்பினால் எனக்குச் சத்தம் கேட்காது. அதனால் வாசலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறேன். குளிக்கப் போகக்கூடப் பயமாக இருக்கிறது, போ.

படப்பையில் வீடு பார்த்தாகிவிட்டது. ஆனால் கால் எழும்பவில்லை. உன் அம்மா உயிர் போன கூடம் இது. நான் எப்படிம்மா கிளம்புவேன்?

உன் முகம் பார்க்க ஏங்கும்
அப்பா தசரதன்

ஓசூர்
9.9.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வண்டி வருவது காதில் விழாத மனிதர் அங்கே தனியாக உட்கார்ந்திருந்தால் நான் என்ன செய்வேன்? தயவுசெய்து கிளம்புங்கள்.

ஆனால் அம்மாவை விட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள். சுமங்கலியாகப் போய் நம் வீட்டுத் தெய்வமானவள், நம் பூவாடைக்காரி. என் கல்யாணத்துக்குக்கூட அவளைக் கிணற்றடியிலிருந்து அழைத்து வந்து, புடவை வைத்துப் படைத்த பிறகுதானே பந்தக்கால் நட்டோம்? அவள் இடிபாட்டுக்குள் தனியாகக் கிடந்தால் என் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. போதாக்குறைக்கு, “மாசமா கீறவ இடிக்கிற வூட்டைக் கண்ணால பாக்கக் கூடாது” என்று மாமியார் வேறு தினமும் சொல்கிறார்.

பம்பைக்காரரைக் கூப்பிட்டு முறைப்படி அம்மாவை அழையுங்கள். கலசத்தின் மேல் வைத்த பூ தானாக விழுந்தால் அம்மா சம்மதித்துவிட்டாள் என்று அர்த்தம். அம்மா படப்பைக்கு வந்தால்தான் நான் பிரசவத்துக்கு வருவேன். இல்லாவிட்டால் இங்கேயே ஆஸ்பத்திரி இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள் அப்பா, எனக்கு அவ்வளவு பயம்.

கண்ணீருடன் உங்கள்
சுபஸ்ரீ

படப்பை
20.9.2025

அம்மா சுபஸ்ரீ,

நேற்று வெள்ளிக்கிழமை விடியலில் பம்பைக்காரன் சின்னப்பையன் மேளத்தோடு வந்தான். கிணற்றடியில் கலசம் ஜோடித்து, அம்மாவின் அரக்குப் புடவையைச் சாத்தி, உச்சியில் பூ வைத்தோம். பம்பைச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. நெஞ்சில் மட்டும் அதிர்ந்தது. அவன் தொண்டை கிழியக் கூப்பிட்டான். பூ விழவில்லை. மறுபடி கூப்பிட்டான். அசையவே இல்லை.

அவன் என் காதில் வாயை வைத்துக் கத்தினான்: “வுழுந்துச்சுன்னு எழுதிடு மாமா. ஓசூர்ல கீற பொண்ணுக்கு இன்னா தெரியப் போவுது?”

எழுதிவிடலாம் என்றுதான் இருந்தேன். உண்மையைச் சொன்னால் நீ வராமல் போய்விடுவாயே என்று பயம். ஆனால் பிள்ளை பெறப் போகிறவளிடம், அதுவும் அவள் அம்மா பேரைச் சொல்லிப் பொய் எழுத எனக்குக் கை வரவில்லை. அதனால் எழுதுகிறேன்: அம்மா வரவில்லை.

அவள் சுபாவம் உனக்குத் தெரியாதா? பிறந்த வீட்டுக்குப் போனாலும் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவாள். “இன்னாமே முனியம்மா, அடம் புடிக்கிற?” என்று கலசத்தைப் பார்த்துக் கேட்டேன். அழுகை வந்துவிட்டது. “சரி, நீ இங்கியே இரு. உன்ன இழுத்துக்கினு போவ மாட்டேன். பொண்ணு அங்க ஒண்டியா பயந்துகினு கீறா, அவளுக்கு நான் வோணும். எனக்கு உத்தரவு குடு” என்று விழுந்து கும்பிட்டேன். பிறகு அந்தப் பூவை நானே எடுத்து நிலைப்படியில் வைத்தேன். கூடத்தில் புடவையை விரித்து, விளக்கேற்றி வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

பழக்கதோஷத்தில் கை பூட்டைத் தேடியது. பூட்டவில்லை. ஆள் உள்ளே இருக்கும்போது வெளியே பூட்டிவிட்டுப் போவது நம் வீட்டில் கிடையாது.

பயம் எனக்கும் விடவில்லையம்மா. ஆனால் நேற்று படப்பையில் படுத்தவன் அசந்து தூங்கிவிட்டேன். வருவதும் வராததும் உன் இஷ்டம்.

அப்பா

ஓசூர்
23.9.2025

அப்பா,

பூ விழவில்லை என்று படித்ததும் கடிதத்தைத் தூக்கி எறிந்துவிட்டேன். உங்கள் மேல் அப்படி ஒரு ஆத்திரம். மறுபடி எடுத்துப் படித்தபோது, அம்மாவை நீங்கள் வற்புறுத்தாமல் விட்டது நெஞ்சில் நின்றது. நானும் வற்புறுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காரில் வருகிறோம். மாமியாரிடம் சண்டை போட்டாயிற்று. முதலில் சேரப்பணஞ்சேரிக்குத்தான் வருவேன். வீடு நின்றாலும் சரி, மண்ணாகக் கிடந்தாலும் சரி. பயமாகத்தான் இருக்கிறது, கையைப் பிடித்துக்கொள்ள நீங்கள் தெருமுனையில் நில்லுங்கள். பிரசவத்துக்கு வருகிற பெண் அம்மாவிடம் முகம் காட்டாமல் எப்படிப் போவாள்?

உங்கள்
சுபஸ்ரீ