குறைந்து வந்த எண்

தம்பி,

இன்று காலை வார்டிலிருந்து வந்த ஊதா மூடிக் குழாயைச் சாய்த்துப் பார்த்தேன். ரத்தம் அசையவில்லை, உறைந்துபோயிருந்தது. எடுத்த கையோடு நாலைந்து முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தியிருந்தால் உள்ளே இருக்கும், ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து கலந்திருக்கும். எடுத்த பெண்ணைத் திட்ட வாயெடுத்தேன். உன் முகம் வந்து நின்றது. அதே தப்பை உன் ரத்தத்தில் செய்தவள் நான்தானே.

சனத்நகர் தொழிற்சாலையில் நீ தரம் பார்க்கும் இன்ஸ்பெக்டர். ஈரலில் புற்றுநோய் என்று எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது உனக்கு நாற்பதுகூட ஆகவில்லை. கட்டி வளர ரத்தம் வேண்டும். அதற்காகப் புது ரத்தக்குழாய்களை முளைக்கவைக்கும் புரதம் ஒன்று உண்டு. அது கூடுகிறதா குறைகிறதா என்று மாதாமாதம் அளப்பதுதான் எங்கள் ஆய்வு. ஊரில் இருக்கிற ஸ்க்ரூவையெல்லாம் நான் அளக்கிறேன், என்னை அளக்க ஒரு அக்கா என்று கேலி செய்வாய்.

ஆய்வின் எண்களை நோயாளியிடம் சொல்லக்கூடாது. என் வாய் சும்மா இருக்குமா? மூன்றாம் மாதம் எண் பாதியாகக் குறைந்ததும் கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து சொன்னேன். உன் மனைவியை ஹைடெக் சிட்டி கம்பெனி இரண்டு மாத வேலைக்கு அமெரிக்கா போகச் சொல்லிக்கொண்டிருந்தது. உன்னை விட்டு நகரமாட்டேன் என்றிருந்தவள், அந்த எண்ணை நம்பி விமானம் ஏறினாள்.

நான்காம் மாதம் எண் எகிறியது. பதறிப்போய்க் குழாயைப் பார்த்தால், அடியில் சின்னதாய் உறைந்த ரத்தம். உறையும்போது தட்டணுக்கள் அந்தப் புரதத்தைக் கொட்டிவிடும், எண் பொய்யாக ஏறும். அப்பாடா என்றிருந்தது. தப்பு என்னுடையது, மறுபடி ரத்தம் கொடு என்று சிரித்துக்கொண்டே சொன்னேன்.

கையை நீட்டியபடி நீ கேட்டாய்: "போன மாசம் குறைஞ்சு வந்துச்சே, அப்ப இதே மாதிரி திரும்பப் பாத்தீங்களாக்கா?"

பார்க்கவில்லை. நல்ல சேதியை யார் திரும்பப் பார்ப்பார்கள்?

மறுநாள், குளிர்பெட்டியிலிருந்த போன மாத மிச்சத்தையும் புதியதையும் ஒன்றாக அளந்தேன். போன மாதம் பாதிக்குப் பாதி நீர்க்கச் செய்து அளந்துவிட்டு, கணக்கில் இரட்டிக்க மறந்திருக்கிறேன், பாவி. எண் குறையவே இல்லை. புதியது அதைவிடக் கூடுதல்.

உன் எதிரில் உட்கார்ந்து இதைச் சொன்னேன். நீ திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நீ போனைக் கையில் எடுத்தாய்.

"டென்ஷன் நக்கோ, வேணாம் அக்கா. அவளுக்கு நானே போன் பண்ணி வரச் சொல்றேன்."

அவள் வந்து ஐந்து வாரம்தான் இருந்தாய்.

காரியமெல்லாம் முடிந்தபின் உன் மாரெட்பள்ளி வீட்டுக்குப் போனேன். மருந்து முதலில் நன்றாகத்தான் கேட்டதாம், பிறகுதான் வியாதி திடீரென்று திரும்பிக்கொண்டதாம், உன் மனைவி சொன்னாள். நீ அப்படிச் சொல்லியிருக்கிறாய். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி வேறு சொன்னாள்.

இப்போதெல்லாம் நல்ல எண் வந்தாலும் மறுபடி அளக்கிறேன். சந்தேகப் பிராணி என்று லேப் பெண்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். உன்னோடு அவள் இருந்திருக்க வேண்டிய ஒரு மாதத்தை எடுத்துக்கொண்டது நான்தான் என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை, தம்பி.