கொம்புச் சத்தத்தை நம்பிச் சுட்டேன்

அன்பு மகள் கொரீனுக்கு அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் சுகம். ஜப்பான் குளிரில் உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் கர்த்தர் பார்த்துக்கொள்ளட்டும். இங்கே டெக்சாஸில் மழை பொய்த்துவிட்டது, ஆடுகளுக்குத் தீவனம் வாங்கித்தான் போடுகிறோம், உன் அறையில் அம்மா பீக்கன் கொட்டை காயப் போட்டிருக்கிறாள். போனில் சொல்ல வாய் வராத ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

வெள்ளைவால் மான்கள் இணை தேடும் பருவம் இது. பெண் மான் போன வழியை மோந்துகொண்டு கிடாக்கள் பட்டப்பகலிலேயே புத்தி கெட்டு ஓடுகின்றன. உதிர்ந்த கொம்புகளை மோதித் தட்டினால், யாரோ சண்டை போடுகிறார்கள் என்று நினைத்து ஒன்று வந்து நிற்கும், உனக்குத் தெரியாததா. ஓடைக்கரையில் பெரிய கிடா ஒன்று நடமாடியது. அது தனக்குத்தான் என்று உன் லெஸ்டர் மாமா என்னைச் சீண்டிக்கொண்டே இருந்தார். சனிக்கிழமை காலை நான் கொம்பைத் தட்ட, எதிர்ப் புதரிலிருந்தும் கொம்புச் சத்தம் வந்தது. இலை அசைந்தது, கொம்பு நுனி தெரிந்தது. உடம்பைப் பார்க்காமலே சுட்டுவிட்டேன். அந்தக் கொம்பு உன் மாமாவின் கையில் இருந்தது, கொரீன்.

குண்டு முன்கையைக் கிழித்துக்கொண்டு போனது, எலும்பு தப்பியது. அவரிடம் ஓடிய நான், வலிக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. "உன்ன யாரு இங்க வந்து உக்காரச் சொன்னது?" என்று கத்தினேன். ரத்தம் சொட்ட அவர், "தப்பு எம்மேலதான் மச்சான், சொல்லாம வந்துட்டேன்" என்றார். வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறவன் நான், என் பெயர் கெட்டுவிடும் என்று அவரே முள்கம்பி கிழித்ததாக வாண்டா மாமியிடம் சொல்லிக் கட்டுப் போட்டுக்கொண்டார். நானும் வாயை மூடிக்கொண்டேன். ஞாயிறன்று சர்ச்சில், வேலி தாண்டத் தெரியாதவனுக்கு மான் வேட்டை ஒரு கேடா என்று எல்லோரும் அவரைக் கிண்டல் செய்தார்கள். நானும் சிரித்தேன்.

செவ்வாய்க்கிழமை வகுப்பில், எதைச் சுடுகிறோம் என்று தெரியாமல் விசையில் விரல் வைக்காதே என்று ஆரம்பித்தேன். பாடத்தைப் பாதியில் நிறுத்தினேன். அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன். துப்பாக்கியை வன அதிகாரியிடம் ஒப்படைத்துவிட்டு மாமா வீட்டு வாசலுக்குப் போனேன். வாண்டா மாமிதான் வந்தாள். "சுட்டதக்கூட மறந்துடுவேண்ணே. எல்லாரும் அவரக் கேலி பண்றப்ப நீங்களும் கூடச் சேந்து சிரிச்சீங்களே" என்றாள். கதவை மெல்லத்தான் சாத்தினாள். அறைந்து சாத்தியிருக்கலாம்.

அம்மா என்னோடு சரியாகப் பேசுவதில்லை, அது நியாயம்தான். நீயும் கோபப்படு, ஆனால் வேளைக்குச் சாப்பிடு. கர்த்தர் உன்னைக் காக்கட்டும். மாமாவுக்கு மறக்காமல் போன் செய். வலது கையில் கட்டுப் போட்டிருப்பதால் எடுக்க நேரமாகும், சட்டென்று வைத்துவிடாதே.

உன் அப்பா,
கார்டன்