பன்னிரண்டு தூண்கள்

மார்ச் 4, திங்கள்

இன்று முழுவதும் ஒரே பேச்சு: எந்த மென்பொருளை வாங்குவது? பதினோரு வருடமாக இந்த அலுவலகத்தில் அக்கா, நான், அண்ணன் மூன்று பேரும் கட்டட வரைபடங்களை ஆளுக்கொரு மென்பொருளில் வரைகிறோம். எல்லாம் ஒன்றாகச் சேர்வது கட்டடத்தில்தான். போன மாதம் பள்ளிக்கூட வேலையில் அண்ணனின் காற்றுக்குழாய் என் உத்தரத்துக்கு நடுவே போயிற்று. மேஸ்திரி ஃபோன் செய்து, "மேடம், உத்தரத்தை உடைக்கவா, குழாயை உடைக்கவா?" என்று பணிவாகக் கேட்டார். அதோடு போதும் என்று முடிவெடுத்தோம். இனி மூவருக்கும் ஒரே மென்பொருள், ஒரே கோப்பு.

தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில். "நீதான்டி எதையும் நோண்டிப் பார்ப்பே" என்றாள் அக்கா. அவள் கட்டடத்துக்கு உருவம் கொடுப்பவள், நான் அது விழாமல் பார்த்துக்கொள்பவள். தண்ணீர், மின்சாரம், குளிர்காற்று மூன்றும் அண்ணன். அவர் எங்கள் கூடப் பிறந்தவர் இல்லை, அந்தக் குறையே தெரியாது.

பெருமையாகத்தான் இருந்தது.

மார்ச் 7, வியாழன்

கடைசியில் இரண்டு மிஞ்சின. அண்ணன் உடனே பெயர் வைத்துவிட்டார். ஒரு கதவை நகர்த்தினாலும் யார், எப்போது, எவ்வளவு தூரம் என்று குறித்துவைக்கிற ஒன்று மாமியார். வெயில், நிழல், மரம் என்று அழகாகப் படம் காட்டி, ஆள் சேர்ந்தால் திணறுகிற இன்னொன்று மாப்பிள்ளை. விற்பனைக்காரர் முன்னாலேயே, "மாப்பிள்ளை பார்க்க நல்லாத்தான் இருக்கார், குடும்பம் நடத்துவாரா?" என்று கேட்டார். அந்த மனிதர் விழித்தார்.

எனக்கு மாப்பிள்ளையைத்தான் பிடித்திருக்கிறது. என் கணக்கு மென்பொருளோடு ஒத்துப்போகிறது. மாமியார் என்றால் ஒவ்வொரு தூணையும் நான் இரண்டாம் முறை போட வேண்டும். அக்கா மட்டும் முதல் நாளிலிருந்து மாமியார் கட்சி.

மார்ச் 12, செவ்வாய்

அக்கா மாமியாரை இன்றுதான் முதல்முறை திறந்தாள். விரல் தானாக ஓடுகிறது. இரண்டெழுத்து அழுத்தினால் சுவர், இரண்டெழுத்து அழுத்தினால் ஜன்னல். "வீடியோ பார்த்தேன்" என்றாள். நான் ஒரு வாரமாக ஒரு படிக்கட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். சின்ன வயதில் சைக்கிளும் இப்படித்தான். அவள் ஓட்டிக்கொண்டு போவாள், நான் பின்னால் ஓடுவேன்.

மார்ச் 17, ஞாயிறு

இன்றும் மாமியாரோடுதான். "எங்கம்மாவுக்கு எப்ப ஃபோன் பண்ணப் போறே?" என்கிறார் இவர்.

மார்ச் 20, புதன்

அறிக்கை முடிந்தது, பதினான்கு பக்கம். மாமியாரையே எழுதிவிட்டேன். அக்காவுக்காகப் பாதி, உண்மையாகவே பாதி. "யார் எதை மாற்றினாலும் மற்ற இருவருக்கும் தெரியும்" என்று முடித்திருக்கிறேன். நல்ல வரி என்று இரண்டு முறை படித்துக்கொண்டேன்.

நாளை கடைசிச் சோதனை. நூலகத்தின் கோப்பைத் தருகிறேன் என்றிருக்கிறாள் அக்கா. அந்த நூலகத்துக்காகப் போன வருடம் பத்து நாள் பேசாமல் இருந்தோம். படிக்கும் கூடத்தில் தூண்கள் முந்நூறு மில்லிமீட்டருக்கு மேல் கூடாது என்றாள். நானூற்றைம்பது இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். பிறகு அவளே வந்து, "விடு, அந்த வேலை தள்ளிப்போயிடுச்சு" என்றாள். கோப்பில் வெறும் சுவர்தான் இருக்குமாம்.

மார்ச் 21, வியாழன்

வெறும் சுவர்தான் இருந்தது. நான் தூண் போடப் போனேன். அந்த இடத்தில் ஏற்கெனவே ஏதோ இருக்கிறது என்று மாமியார் எச்சரித்தது. கண்ணுக்கு ஒன்றும் இல்லை.

கீழே பல்பு படம் போட்ட ஒரு பொத்தான் உண்டு. மறைத்து வைத்தவற்றை எல்லாம் சிவப்பாகக் காட்டும். அழுத்தினேன்.

பன்னிரண்டு தூண்கள். முந்நூறு மில்லிமீட்டர்.

ஒன்றைத் தொட்டேன். போட்டவர்: நான் கேள்விப்படாத ஒரு ஆள். தேதி: ஆகஸ்ட் 9. கடைசியாக மாற்றியது போன வாரம்.

அக்கா எதையும் அழிக்க மாட்டாள். அழித்தால் திரும்ப வராது, மறைத்து வைத்தால் வேண்டும்போது எடுக்கலாம் என்பாள். வரைபடத்தில் அவளுக்கு என்றைக்கும் உள்ள பழக்கம். நான்தான் அதைக் கேலி செய்வேன்.

தூண்களோடு குழாய்களும் சிவப்பாகத் தெரிந்தன. ஒவ்வொரு குழாயும் தூணுக்குத் தூண் மரியாதையாக வளைந்து போகிறது. என் உத்தரத்தை ஒரு நாளும் பார்க்காத குழாய்கள். தொட்டுப் பார்த்தேன். அண்ணன்தான் – ஜனவரி.

மார்ச் 22, வெள்ளி

போகவில்லை. தலைவலி என்று சொன்னேன்.

ஏழு மாசம். ஏழு மாசமா என் எதிர்லதானே உட்கார்ந்திருந்தா? என் டப்பாவிலேருந்து எடுத்து சாப்பிட்டா. வீடியோ பார்த்தாளாம். நான் ஞாயிற்றுக்கிழமை எல்லாம் உட்கார்ந்து ஒப்பிட்டு, கட்டம் போட்டு – எதுக்கு? எல்லாம் முடிஞ்ச விஷயத்துக்கு நான் பதினாலு பக்கம் எழுதியிருக்கேன். படிக்கும்போது சிரிச்சிருப்பாளோ?

மார்ச் 25, திங்கள்

அக்காவிடம் கேட்டேன். மறுக்கவில்லை. கதவை மட்டும் சாத்தினாள்.

"உன்கிட்ட வந்தா முதல் வார்த்தையே முடியாதுதான். எனக்கு அந்தக் கூடம் வேணும்டி. வேற ஒரு இன்ஜினியர்கிட்ட கேட்டேன், முடியும்னார்."

"அப்ப எதுக்கு என்னை இதை நோண்ட விட்டே?"

"அவர் இந்த மென்பொருள்லதான் வேலை செய்யறார். நீயே இதைத் தேர்ந்தெடுத்துட்டா எல்லாரும் ஒரே கோப்புக்குள்ள வந்துடலாம், அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்னு நினைச்சேன்."

"அப்புறம்னா எப்ப? கட்டி முடிச்சப்புறமா?"

மேசையில் கிடந்த என் அறிக்கையை எடுத்து, ஓரத்தைத் தட்டி நேராக்கி வைத்தாள். அதைப் பார்த்ததும்தான் அழுகை வந்தது. அவள் முன்னால் அழக் கூடாது என்று கழிவறைக்குப் போய்விட்டேன்.

மார்ச் 27, புதன்

அந்த ஆளின் தூண்களை என் கணக்கில் போட்டுப் பார்த்தேன். எங்காவது தப்பு இருக்கும் என்று காலையிலிருந்து தேடினேன். ஆசையாகத் தேடினேன், எனக்கே என்னிடம் பொய் எதற்கு?

தப்பு இல்லை. புத்தகக் கிடங்கின் இரண்டு சுவர்களைக் கான்கிரீட்டாக மாற்றியிருக்கிறார். காற்றும் நில அதிர்வும் தள்ளுகிற விசை அந்தச் சுவர்களுக்குப் போய்விடுகிறது, தூண்கள் பாரத்தை மட்டும் சுமந்தால் போதும். நிற்கும். நன்றாகவே நிற்கும்.

கேட்டிருந்தால் எனக்கு இது தோன்றியிருக்குமா? தோன்றாமல் போயிருக்கலாம். முடியாது என்பதுதான் என் முதல் வார்த்தை, சரி. இரண்டாவது வார்த்தை வரும்வரை அவள் இருந்து பார்த்திருக்கலாம். பதினோரு வருடத்தில் எத்தனை தடவை அந்த இரண்டாவது வார்த்தை வந்திருக்கிறது.

விழுகிற கட்டடமாக இருந்தால் நான் சரி, அவள் தப்பு என்று நிம்மதியாக இருந்திருக்கும். இப்போது அதுவும் இல்லை.

மார்ச் 29, வெள்ளி

அண்ணன் டீயோடு வந்து நின்றார். "சொல்லணும்னுதான்மா இருந்தேன்."

"எந்த மாசத்துலேருந்துண்ணே?"

டீயை வைத்துவிட்டுப் போனார். அக்கா மேல் கோபப்படத் தெரிகிறது. இவர் மேல் எப்படிக் கோபப்படுவது என்றே தெரியவில்லை. மாமியார், மாப்பிள்ளை என்று பெயர் வைத்து என்னைச் சிரிக்க வைத்தாரே, அப்போதும் தெரிந்துதானே சிரித்தார்? டீ ஆறிப்போயிற்று. குடிக்கவில்லை.

ஏப்ரல் 3, புதன்

விற்பனைக்காரருக்கு நானே கடிதம் எழுதினேன். மாமியார் முடிவாகிவிட்டது. மூன்று பேருக்கு வேண்டாம், இரண்டு பேருக்குப் போதும்.

நகலை அக்காவுக்கும் அனுப்பினேன். அவள் எழுந்து என் மேசைவரை வந்தாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன். ஜன்னலைச் சாத்திவிட்டுத் திரும்பிப் போனாள்.

செப்டம்பர் 9, திங்கள்

தனியாகத் தொடங்கிய என் அலுவலகத்தில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, வருகிறவர்களுக்கு ஒரு ஸ்டூல். வேலை வருகிறது. எல்லோரும் மாமியாரில்தான் அனுப்புகிறார்கள், நானும் வாங்கிவிட்டேன். தூண்களை இரண்டாம் முறை போடுவதும் பழகிவிட்டது.

இன்று அக்காவிடமிருந்து ஒரு கோப்பு, புது மருத்துவமனை வேலை. ஐந்து மாதத்தில் முதல் கடிதம். "வணக்கம். தூண்களின் அளவை நீங்களே முடிவு செய்யலாம். எவ்வளவு பெரிதானாலும் சரி" என்று எழுதியிருக்கிறாள். நீங்கள் என்று. என் கூடப் பிறந்தவள்.

கோப்பைத் திறந்தேன். சுவர்கள், கதவுகள், தரை. சுத்தமாக இருந்தது. வேலையைத் தொடங்கும் முன் கை தானாகப் பல்புக்குப் போயிற்று. அழுத்தினேன். எதுவும் சிவக்கவில்லை. அவள் எதையும் மறைக்கவில்லை.

இன்னொரு முறை அழுத்திப் பார்த்தேன்.