மூன்று ஊரிலும் திறந்து கிடக்கும் பள்ளம்

இன்று மத்தியானம் சோற்றில் கை வைத்தால் பைப் ஒட்டுகிற சொல்யூஷன் வாசனைதான் வந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. டிபன் பாக்ஸை அப்படியே மூடிவிட்டேன். நீ இருந்திருந்தால், "இதுக்கெல்லாம் மூஞ்சி சுளிச்சா நம்ம பொழப்புல பட்டினிதான்டி" என்று சொல்லி என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டிருப்பாய்.

போன தை மாதம் நீ போனதிலிருந்து உன் வேலை என் தலையில். வத்தல்மலை அடிவாரத்தில் மூன்று ஊர்களுக்குக் குடிதண்ணீர் லைன். நீ வீடு வீடாகப் போய் அளவெடுத்துத் திட்டம் போட்டது. இன்றுவரை ஒரு ஊரில்கூடக் குழாயில் தண்ணீர் வரவில்லை.

எப்படிக் கெட்டது என்று கேட்பாய். மேலூரில் பூமி பூஜை போட்டோம். உடனே நடுவூர்க்காரர்கள், அவர்களுக்கு மட்டும் பூஜையா, நாங்கள் என்ன இளிச்சவாயர்களா என்றார்கள். சரி, அங்கேயும் ஒரு தேங்காய். கீழூர் சும்மா இருக்குமா? பூஜை போட்ட இடத்தில் மண் வெட்டாமல் விட்டால் ஊருக்கு ஆகாது என்று பெரியவர்கள் பிடித்துக்கொள்ள, மூன்று இடத்திலும் தோண்டினேன். இருப்பதோ ஒரே ஜேசிபி. பாறை தட்டிய இடத்தில் வேலையை விட்டுவிட்டு அடுத்த ஊருக்கு ஓடினோம். இப்போது எங்கே பார்த்தாலும் பள்ளம். மழையில் மண் சரிந்து ஒரு கன்றுக்குட்டி உள்ளே விழுந்து, கால் உடைந்தது. ஆபீஸிலிருந்து போன் செய்து கேட்டால் வேலை நடக்கிறது என்கிறேன். சொல்லிச் சொல்லி எனக்கே வெறுத்துவிட்டது.

கடத்தூர்ப் பக்கம் நம் வேலை இதேபோல இழுத்துக்கொண்டது நினைவிருக்கிறதா? வேலை படுத்துவிட்டால் எல்லாரும் ஆளைக் கூட்டுவார்கள். நீ வேலையைச் சுருக்கினாய். ஒரே தெருவை முடிப்போம், மற்ற தெருப் பள்ளங்களை மூடுங்கள் என்றாய். தோண்டியதை மூடுவதா என்று மேஸ்திரி முறைத்தார். நானும் உன்னோடு சண்டை போட்டேன். நீ அந்தத் தெருக்களுக்கு நடந்தே போனாய். "போன்ல சொல்லக்கூடாதுடி. மூஞ்சிய பாத்துச் சொல்லணும். தேதி தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லணும்" என்றாய். வாங்கிய வசவு கொஞ்சமல்ல. சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல், அதியமான்கோட்டை ஹைவே டீக்கடையில் லாரிகளைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாய். நானும் கூடவே இருந்தேன்.

இன்று நான் கீழூருக்குப் போனேன். கோயில் முன்னால் பெண்கள் கூடியிருந்தார்கள். உங்கள் ஊர்ப் பள்ளத்தை மூடப்போகிறோம், முதலில் மேலூர் முடியட்டும் என்றேன். ஒரு பெண் தன் மகளை முன்னால் இழுத்து நிறுத்தினாள். ஃப்ளோரைடு கலந்த போர்வெல் தண்ணீர் குடித்து அந்தக் குழந்தையின் பல்லெல்லாம் மஞ்சள் கறை.

"மேலூருக்கு நல்ல தண்ணி, எங்க புள்ளைங்களுக்கு இதுவாங்க? எப்பத்தான் வருவீங்க?"

பொங்கலுக்குள் என்று வாய்வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அப்போதைக்குத் தப்பித்திருப்பேன். தெரியலைங்க என்றேன். மேலூர் முடிந்த மறுநாள் இங்கேதான் வருவேன், அதுமட்டும்தான் தெரியும் என்றேன். கத்தினார்கள். கத்தி முடிக்கும்வரை நின்றேன். பிறகு அந்தப் பெண்தான் கேட்டாள்.

"அளவெடுக்க வந்தாங்களே இன்னொரு மேடம், எங்க வூட்ல களி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க. அவங்கள வரச் சொல்லுங்க. அவங்க சொன்னா நம்புவோம்."

நீ இறந்துபோனதை அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் சொன்னேன். இத்தனை மாதத்தில் அதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அப்ப இனிமே நீங்கதான் வரணும்."

பள்ளத்தை மூட விட்டார்கள். எனக்கு அலுப்புத் தீரவில்லை. நாளை மேலூரில் பாறை உடைக்க ஆள் வருகிறது, காலையில் நான் அங்கே நிற்க வேண்டும். இத்தனை நாளும் இதை உன் வேலை என்றேதான் சொல்லிக்கொண்டிருந்தேன், என்றைக்காவது வந்து வாங்கிக்கொள்வாய் என்பதுபோல. இனி அப்படிச் சொல்ல முடியாது.