கேட்டில் கழற்றும் மஞ்சள் ஜாக்கெட்

மூக்கண்டப்பள்ளி

அன்புள்ள வெங்கட்டுக்கு அம்மா எழுதுவது. நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். இங்கே எங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் ஒரு நிலையில் இல்லை. போனில் சொன்னால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து பேச்சை மாற்றிவிடுவார், அதனால்தான் எழுதி, நாளைக்குப் புனேவுக்குக் கிளம்புகிற பக்கத்து வீட்டுச் சுசித்ராவிடம் ராகி மாவோடு கொடுத்து அனுப்புகிறேன்.

நம் தெரு சென்னகிருஷ்ணன், பேரிகை ஊர்க்காரர், அப்பா செக்யூரிட்டியாக நிற்கும் கம்பெனியிலேயே மெஷின் ஓட்டுகிறவர், அவரைப் போன வாரம் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வரும்போது சர்வீஸ் ரோட்டில் லாரி இடித்துத் தள்ளிவிட்டது. உயிர் தப்பியது, கால் முறிந்து படுத்திருக்கிறார். சைக்கிளுக்கென்று வெள்ளைக் கோடு போட்டார்களே, அதன்மேல்தான் வண்டிகளை வரிசையாக நிறுத்துகிறார்கள், சைக்கிள்காரன் நடு ரோட்டுக்கு வராமல் எங்கே போவான்? விளக்கும் எரிவதில்லை. லாரி டிரைவர், ஆளே தெரியலைங்க என்று அழுதானாம். எப்படித் தெரியும்? கம்பெனிக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவனுக்குக்கூட மின்னுகிற மஞ்சள் ஜாக்கெட் கட்டாயம், வீட்டுக்குப் போகும்போது அதைக் கழற்றிக் கேட்டில் கொடுத்துவிட வேண்டும். வாங்கிக் கொக்கியில் மாட்டி வைப்பது உன் அப்பா. அன்றைக்கும் சென்னகிருஷ்ணனிடம் அவர்தான் கை நீட்டி வாங்கினார். அதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது யாரிடமும் வாங்குவதில்லை, போட்டுக்கினே போங்கப்பா என்று அனுப்பிவிடுகிறார். சூப்பர்வைசர் எந்த ரூல்ல இருக்குது என்று கேட்டதற்கு, லாரி வெளியதானே சார் ஓடுது என்றாராம். வரும் திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிட்டிருக்கிறார். இந்த வயசில் வேலை போனால் வேறு எந்தக் கேட்டில் நிற்க வைப்பார்கள்? எனக்குப் பயமாக இருக்கிறது. ஊர்ப் பாரமெல்லாம் உங்கள் தலையிலா என்று திட்டிப் பார்த்தேன், காதில் வாங்கவில்லை. கொஞ்சம் அடங்கிப் போகச் சொல்லி நீ பேச வேண்டும் என்று நேற்றே எழுத உட்கார்ந்தேன், பால் இல்லையென்று பாதியில் எழுந்து தெருமுனைக்குப் போனேன். இருட்டிக்கொண்டு வந்தது. லாரிகளுக்கு நடுவில் மஞ்சளாக ஒன்று மின்னியது, அதன் பின்னால் இன்னும் நாலைந்து. முன்னால் வந்தது அப்பா. இத்தனை வருஷமாக வாசலில் அவர் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டால்தான் எனக்கு மூச்சு வரும், நேற்று அவ்வளவு தூரத்திலேயே தெரிந்தார்.

அதனால் அவரை அடங்கச் சொல்லாதே. உனக்கு மெயில் எழுதத் தெரியுமே, ஜாக்கெட்டை வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போக விடச் சொல்லித் திங்கட்கிழமைக்குள் மேனேஜருக்கு நல்லபடியாக எழுதிப் போடு. மாவைக் காற்றுப் புகாமல் மூடி வை. பைக்கில் போகும்போது அந்தக் கறுப்புச் சட்டை வேண்டாம். மாரியம்மன் உன்னைக் கூடவே இருந்து காக்கட்டும்.

நான் இப்படி எழுதினேன் என்று மட்டும் அப்பாவிடம் சொல்லிவிடாதே, அவரைத் திட்டுவதை இன்னும் நிறுத்தவில்லை.

உன் அம்மா,
மாரம்மா கங்கப்பன்