கதவு சாத்தும் சத்தம்

நேற்றுச் சாயங்காலம் நம் மகள் மேசையில் ஓர் இதயத்தை வரைந்துகொண்டிருந்தாள். சிவப்புப் பென்சிலும் நீலப் பென்சிலும் சீவிய மரத்தூள் வாசம் வீடெல்லாம். பரீட்சை வருகிறது. வலது மேலறை, வலது கீழறை, நுரையீரல், இடது மேலறை, இடது கீழறை என்று மலாயில் முணுமுணுத்தபடி வரைந்தவள், இடப்பக்கத்து அறைகளுக்கு நடுவே பென்சிலை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

“அம்மாவுக்கு இந்த இஞ்சாப்தானேப்பா?”

வால்வைத்தான் பள்ளியில் அப்படிச் சொல்லித் தருகிறார்கள். “ஆமாம்மா” என்று சொல்லிவிட்டு வெளியே வந்து நின்றேன். உன்னிடம் பேச வேண்டும்போல் இருந்தது.

கல்யாணமான புதிதில் தேயிலை மேட்டில் எல்லாருக்கும் முன்னால் ஏறுகிறவள் நீ. இவள் பிறந்த பிறகு பாதி மேட்டிலேயே கூடையை இறக்கிவிட்டு நிற்க ஆரம்பித்தாய். கேட்டால், “பனிதான்லா, வேற ஒன்னுமில்ல” என்பாய். படுத்தால் இருமல் என்று சுவரில் சாய்ந்தே தூங்கினாய். நான் கொழுந்து லோரியை ஆலையில் விட்டுவிட்டு வரும்போது உன் உதடு நீலம் பாரித்திருக்கும். தானா ராத்தா ஆஸ்பத்திரியில் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்ட டாக்டர், அன்றைக்கே ஈப்போ பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்.

அங்கே ஒரு தமிழ்த் தாதி, பிளாஸ்டிக் இதயத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. “ஒடம்பெல்லாம் சுத்திட்டு ரத்தம் வலது பக்கம் வரும். அங்கேருந்து நுரையீரலுக்குப் போயி காத்து வாங்கிட்டு, இடது பக்கம் மேல வந்து நிக்கும். அப்புறம் இந்தக் கதவு வழியா கீழ எறங்கி ஒடம்புக்குப் போவணும். ஒங்களுக்கு இந்தக் கதவு சுருங்கிப் போச்சு. எறங்க முடியாத ரத்தம் நுரையீரல்ல தேங்குது. சின்ன வயசுல மூட்டு வலியோட காய்ச்சல் வந்திச்சா?”

“வந்திச்சு மிஸ்ஸி. ரொம்ப நாள் படுத்திருந்தேன்” என்றாய்.

மலையேறும் பஸ்ஸில் நீ ஒன்றே ஒன்று சொன்னாய். “அந்தக் காய்ச்சல் அப்பவே போயிடுச்சுன்னுல்ல நெனச்சேன்.”

நெஞ்சைத் திறந்து, உலோக வளையத்துக்குள் தகடுகள் மூடித் திறக்கும் புதுக் கதவு வைத்தார்கள். நீ வீடு திரும்பிய மத்தியானம் மழை விட்டு, லயத்து வீடுகள் முழுக்க அமைதி. உன் சட்டைக்குள்ளிருந்து டிக், டிக் என்று கேட்டது. மகள் பயந்துபோய்க் காதை வைத்துக் கேட்டாள்.

“கதவு சாத்துற சத்தம்டி. தொறக்கிறது கேக்காது” என்று அவள் தலையைத் தடவினாய்.

பிறகு நல்ல வருஷங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, அதற்கொரு சோதனை, அவ்வளவுதான். மேட்டு உச்சியில் நின்றுகொண்டு, “என்ன, மூச்சு வாங்குதா?” என்று கீழேயிருந்து ஏறி வருகிற என்னைக் கேட்டுச் சிரிப்பாய்.

மகளுக்கு நீ சடை பின்னிக்கொண்டிருந்த ஒரு காலையில் உன் வலது கையிலிருந்து சீப்பு விழுந்தது. வாய் குழறி நீ சொன்னது எனக்குப் புரியவில்லை. கதவில் படிந்த சிறு இரத்தக் கட்டி மூளைக்குப் போய்விட்டது என்றார்கள். மாத்திரையை நீ ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. அப்படியும் சிலருக்கு வரும் என்றார் டாக்டர்.

மலையிறங்கும் ஆம்புலன்ஸில் எவ்வளவு கூப்பிட்டும் நீ பதில் சொல்லவில்லை. நெஞ்சுக்குள் மட்டும் டிக், டிக். அது தன் வேலையைச் சரியாகவே செய்தது. ஈப்போவில் அதுவும் நின்றது.

எரித்த மறுநாள் சாம்பல் எடுக்கப் போனோம். உன் அண்ணன் கரிபிடித்த சின்ன வளையம் ஒன்றைப் பொறுக்கி, “மாப்ள, தங்கச்சி மோதிரத்தக் கழட்டலையா?” என்றார்.

“மோதிரம் இல்ல மச்சான். நெஞ்சுல வச்சது.”

அவர் அதை என் கையில் வைத்துவிட்டு, அங்கேயே குந்தி அழுதார். மூடித் திறக்கும் தகடுகள் தீயில் போய்விட்டன போலும். வளையம் மட்டும்தான் மிச்சம்.

லூமுட் கடலில் உன்னைக் கரைத்தபோது அதை மட்டும் என்னால் விட முடியவில்லை. மகளுக்கும் இன்னும் காட்டவில்லை. யாரும் இல்லாதபோது எடுத்துக் காதோரம் வைத்துப் பார்க்கிறேன். ஒன்றும் கேட்பதில்லை. அது சத்தம் போட உன் இரத்தம் வேண்டும்.